வாலாஜாபாத்தில் விடியற்காலை ஓட்டம்

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் வழியில், பாலாற்றின் கரையில் இருக்கிறது வாலாஜாபாத். ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் பட்டாளம் இங்கே முகாமிட்டிருந்தது. இன்றைக்கு ஊரை எழுப்புவது கம்பெனி பஸ்கள்! கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் டப்பாவுமாக ஆண்களும் பெண்களும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

என் தங்கை வீட்டில் ஒரு வாரம் தங்கப் போயிருந்தேன். அவள் மகனுக்கும் ஒரகடத்தில்தான் வேலை. அவன் பஸ் ஏறிய கையோடு மருமகள் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, துப்பட்டாவை இறுகக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். ஒன்றரை வயதுக் குழந்தை பாட்டியின் மடியில்.

"பெரிய அத்தை, நீங்களும் வர்றீங்களா? நான் ஓடறேன், நீங்க நடங்க" என்றாள். கேட்பானேன்! உடனே கிளம்பிவிட்டேன்.

மெயின் ரோடு இருட்டில் ஆபத்து என்று ஆற்றங்கரைப் பக்கத் தெருவைத் தேர்ந்தெடுத்திருந்தாள். பாலாறு பெரும்பாலும் மணல்தான். 2021 நவம்பரில் வெள்ளமாகப் பெருகி ஓடிய ஆறா இது என்று தோன்றும். கிழக்கே வெளுக்கும் வேளையில் அந்த மணல்வெளிக் காற்று முகத்தில் படுவதே ஒரு மருந்து.

அவள் கையிலிருந்த செல்போன் அவ்வப்போது பேசியது: "இப்போது ஓடுங்கள்", "இப்போது நடங்கள்". 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்த ஒன்பது வாரத் திட்டமாம். முதல் வாரம் ஐந்து நிமிடம் வேகநடை. பிறகு 60 விநாடி மெள்ள ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். வாரத்துக்கு மூன்றே நாள். வானத்துச் செயற்கைக்கோள்களின் உதவியால் தூரத்தையும், போனுக்குள் இருக்கும் அசைவுமானியால் அடிகளையும் செயலி கணக்கிட்டுக்கொள்கிறது.

"தண்ணிக் குடம் தூக்கி, மாவாட்டி, ஆளாகலையா நாங்க? ஓடறதுக்கு போன் எதுக்குக்கா?" என்று தங்கை என்னிடம் முணுமுணுத்தாள். நியாயமான கேள்விதான். ஆனால் சங்கதி வேறு. "சும்மா போயிட்டு வர்றேன்னா, நாளைக்குப் போகலாமேம்பாங்க. இன்னிக்கு ரெண்டு கிலோமீட்டர் பாக்கின்னு சொன்னா, சரி போயிட்டு வாங்கறாங்க" என்றாள் மருமகள். பாருங்கள், ஓர் எண் வீட்டில் அவளுக்கு அரை மணி நேரத்தை வாங்கித் தருகிறது!

அதே எண் வாட்டவும் செய்யும். நான் போவதற்குச் சில நாள் முன்பு குழந்தைக்குக் காய்ச்சல். ஐந்து நாள் ஓடவில்லை. தொடர்ந்து வந்த கணக்கு அறுந்து பூஜ்யமாகிவிட்டது என்று போனைத் தொடவே மனசில்லாமல் இருந்தாளாம். "இந்த மாசத்தையும் போன மாசத்தையும் பாரேன்" என்றேன். போன மாதம் ஒரு கிலோமீட்டருக்கு மூச்சு வாங்கியவள், இப்போது நிற்காமல் இரண்டு ஓடுகிறாள். முகம் மலர்ந்தது. தாய்மார்கள் நாள் கணக்குப் பார்க்கக் கூடாது. மாதக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பத்தாயிரம் அடி நடந்தே தீரவேண்டும் என்பதும் வேதவாக்கல்ல. 1965-ல் ஜப்பானில் அடிமானி விற்கக் கிளம்பிய பெயரில் வந்த எண் அது. 2019-ல் அமெரிக்காவில் வயது முதிர்ந்த பெண்கள் 16,741 பேரைக் கவனித்த ஆய்வில், நாளுக்கு 4,400 அடி அளவிலேயே பலன் தெரிந்தது. ஏறக்குறைய 7,500-க்கு மேல் பலன் கூடவில்லை. போன் இடுப்பிலோ பையிலோ இருந்தால் வீட்டுக்குள் நடப்பதும் அடிக் கணக்கில் சேரும் என்றதும், தங்கை அன்றே மகனின் பழைய போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்!

இளம் தாய்மார்களுக்குச் சில குறிப்புகள்:

பிரசவமாகி மூன்று மாதமாவது ஓட வேண்டாம், நடை போதும். ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிறு கனத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது.

ஓடும் பாதையை ஊரறியப் போடாதீர்கள். 2018-ல் இப்படிப்பட்ட ஒரு செயலி வெளியிட்ட வரைபடத்தில் ராணுவ முகாம்களே தெரிந்துவிட்டன. நம் வீட்டு வாசல் தெரியாதா? பதிவை 'எனக்கு மட்டும்' என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியாகப் போகிறீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

துணை வேண்டுமானால், 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' எட்டு கிலோமீட்டர் நடைபாதை உங்கள் மாவட்டத்தில் எங்கே என்று விசாரியுங்கள்.

நல்ல போன் இல்லையே என்று ஏங்க வேண்டாம். சமையலறைக் காலண்டரில் நடந்த நாளுக்கு ஒரு பொட்டு வையுங்கள். மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். பொட்டுகள் கூடக் கூட, அந்த அரை மணி உங்களுடையது என்று வீட்டாருக்கும் பழகிவிடும்.