சங்கு ஊதினால் அடுப்பெரியும்

வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய கிராமமொன்றில் மாதம் ஒரு தடவை முதியோர் சந்திப்பை நடத்துவது எனது கடமைகளில் ஒன்று. வழமையாக இரத்த அழுத்தம் பார்ப்போம், தேநீர் கொடுப்போம், படிவங்களை நிரப்புவோம். சென்ற மாதம் ஒரு மாற்றத்திற்காக, "நீங்கள் வேலை செய்த காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அரை மணித்தியாலத்தில் முடியும் என நினைத்த கூட்டம் பொழுதுபடும் வரை நீண்டது.

வந்திருந்தவர்களிற் பலர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பணியாற்றியவர்கள். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல் ஆரம்பிக்கப்பட்ட தொழிற்சாலை அது. நமது மண்ணின் சுண்ணாம்புக்கல்லையும் முருங்கனிலிருந்து வந்த களிமண்ணையும் சூளையில் வேகவைத்துச் சீமெந்தாக்கியது. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது இயந்திரங்கள் நின்றன. அதைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் திசைக்கொன்றாய்ச் சிதறின.

முதலில் ஆண்களே பேசினார்கள். திருத்த வேலைப் பகுதியில் பிற்றராக இருந்த ஓர் ஐயா எழுந்து நின்று நடித்தே காட்டினார். நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஓடும் இயந்திரத்தில் வைத்து, மறுமுனையைக் காதோடு சேர்த்துப் பிடித்தால் உள்ளே எந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். "டொக்குத்தர் நெஞ்சில குழாய் வைச்சுப் பாக்கிறமாதிரித்தான் பிள்ளை. சூளை ஒருக்கால் நிண்டுதெண்டால், திரும்ப ஓடுமட்டும் எங்களுக்கு நித்திரை இல்லை" என்றார். தன்னோடு வேலை செய்த சிங்கள நண்பர் சித்திரைப் புதுவருடத்துக்கு ஊர் போய் வரும்போது கொக்கிஸ் கொண்டுவருவதை இன்னொருவர் சொன்னார். அந்த நண்பரின் பெயரைச் சொல்லும்போது அவரது குரல் தழுதழுத்தது.

பின்வரிசையில் இருந்த பெண்கள் வாய் திறக்கவில்லை. "நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே, ஆச்சி?" என்று கேட்டேன்.

"நாங்கள் எங்க பிள்ளை வேலை செய்தனாங்கள்? வீட்டிலதானே இருந்தனாங்கள்."

பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "வீட்டில சும்மாவே இருந்தனாங்கள்? சங்கு ஊதினால்தானே எங்கட அடுப்பெரியும்!"

அதன் பிறகுதான் உண்மையான கூட்டம் ஆரம்பமானது எனலாம். சங்கொலியை வைத்தே உலை வைத்ததையும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதையும் சொன்னார்கள். இராவேலை முடித்து வந்தவர் பகலில் தூங்க வேண்டும் என்பதற்காகக் குழந்தைகளைப் பனங்காணிக்கு விளையாடக் கூட்டிச் சென்றிருக்கிறார்கள். சீமெந்துத் தூள் படிந்த காற்சட்டையை உதறாமல் தண்ணீரில் போட்டால் துணி கல்லாகிவிடும் என்பதை யாரும் அவர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. சம்பள நாளில் சீட்டுக் கட்டி, அந்தக் காசில் மகளுக்குத் தோடு வாங்கியவர்களும் இருந்தார்கள்.

கூட்டம் முடியும் வேளையில் அந்தப் பிற்றர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "நீ ஆற்ற பேத்தி?" என்று கேட்டார். அப்பப்பாவின் பெயரைச் சொன்னேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். "உன்ர அப்பப்பா லேத்தில நிண்டால் அளவு பிசகாது. வெளிநாட்டில இருந்து சாமான் வருமட்டும் காத்திராமல், உடைஞ்ச பல்லுச் சக்கரத்தைத் தானே வெட்டிப் போட்டவர்" என்றார்.

எனக்கு நாணமாக இருந்தது. தொழிற்சாலை நின்றபோது நான் மூன்று மாதக் குழந்தை. எனக்குத் தெரிந்த அப்பப்பா, இடம்பெயர்ந்த ஊரில் வேப்பமரத்தின் கீழ் சைக்கிள் திருத்தியவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்துக் கொடுத்ததும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்கவைத்ததும் நினைவிருக்கிறது. ஆனால் அந்தக் கைவண்ணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை, "அப்பப்பா என்ன வேலை?" என்று தோழி கேட்டபோது பேச்சை மாற்றியிருக்கிறேன். ஊர் திரும்பாமலே, 2004இல் அவர் கண்ணை மூடினார்.

அன்றிரவு அப்பம்மாவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அவற்ற கையைப் பற்றி எல்லாரும் கதைப்பினம். அந்தக் கையில ஒட்டின கிறீஸ் போக அரப்பும் தேசிக்காய்க் கோதும் வைச்சுத் தேய்ச்சுவிட்டது ஆர்?"

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, வீட்டில் பெண்கள் செய்யும் ஊதியமற்ற உழைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளிகள் வாங்கினேன். ஆனால் அது என் வீட்டுக் கிணற்றடியில் நடந்ததை அன்றுதான் கண்டுகொண்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். "இழந்த சொத்துக்கள்" என்று ஒரு நிரல் இருந்தது. வீடு, கிணறு, பசு, தையல் இயந்திரம் என்று அதை நிரப்பியிருந்தோம். ஆனால் "தெரிந்த தொழில்" என்று ஒரு நிரல் இல்லை. பெண்களின் பெயருக்கு எதிரே "தொழில்: இல்லை" என்று எனது கையெழுத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இப்போது படிவத்தின் பின்பக்கத்தில், "இவருக்கு என்ன செய்யத் தெரியும்?" என்று நானே ஒரு வரி சேர்த்து எழுதுகிறேன். சென்ற கிழமை சீமெந்துத் துணி துவைத்த அந்த ஆச்சி, சீட்டுக் கணக்கைப் பத்து வருடம் பிசகாமல் வைத்திருந்தவர் என்பது அந்த வரியால்தான் தெரிந்தது. எமது மாதர் குழுவின் கணக்கை இப்போது அவரே மேற்பார்வை செய்கிறார்.

2015 தை மாதத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மீண்டும் ரயில் போகிறது. சங்குதான் ஊதுவதில்லை. அந்தச் சங்கைக் கேட்டு எழுந்தவர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஓர் ஆச்சியோ அப்பம்மாவோ இருப்பார். ஆலையிலோ தோட்டத்திலோ கடலிலோ வேலை செய்தவரின் வீட்டைத் தாங்கி நின்றவராக இருப்பார். ஒரு நாற்பது தாள் கொப்பியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருங்கள். "என்ன இழந்தீர்கள்?" என்பதை நாங்கள் பல தடவை கேட்டுவிட்டோம். "என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "நான் ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை" என்றுதான் தொடங்குவார். எழும்பிவிடாதீர்கள், தேநீர் ஆறும்வரையாவது இருங்கள்.