குதிரையோடு சாய்பவன்

பழங்காசு சேர்க்கும் வழக்கம் எனக்கில்லை. காசுகளில் உள்ள படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதில் மட்டும் ஒரு பித்து. அதிலும் உரோமரின் வெண்கலக் காசுகள். பொற்காசு செல்வந்தரின் பெட்டிக்குள் அடங்கிக்கொண்டது. வெண்கலமோ சந்தையில் ரொட்டி வாங்கியவனின் கையில் புரண்டது. எழுத்தறியாதவனுக்கும் படம் விளங்கும். சக்கரவர்த்தியின் செய்தி இப்படித்தான் வீடுவீடாகப் போயிற்று.

கி.பி. 70இல் ஜெரூசலம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டில் வெஸ்பாசியன் வெளியிட்ட பெரிய வெண்கலக் காசின் ஒரு புறம் அவனது தலை. மறுபுறம் ஒரு பேரீச்ச மரம். அதன் கீழே தலையைக் கையில் தாங்கி அழும் ஒரு பெண். ‘யூதேயா கைப்பற்றப்பட்டது’ என்று இலத்தீன் வாசகம். மரம் அந்த மண். பெண் அந்த மக்கள். ஒரு சமூகத்தின் அழுகையைக் கொடுத்து இன்னொருவன் எண்ணெய் வாங்கியிருக்கிறான்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொரு காசு. கொன்ஸ்தாந்தியஸ், கொன்ஸ்தான்ஸ் என்ற சகோதரர்கள் ஆண்ட காலத்தில், 348 அளவில் வந்தது. உரோமப் படைவீரன் ஒருவன் குதிரையோடு சாயும் பகைவனை ஈட்டியால் குத்துகிறான். விழுபவன் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்துகிறான். சுற்றிவர எழுதியிருப்பதோ, ‘இன்பக் காலம் மீண்டது’ என்பது.

யாருக்கு மீண்டது?

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் உரோமச் சிறுகாசுகள் இலங்கை மண்ணிலும் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து இங்கேயே செய்தவையும் உண்டு. அப்படிச் செய்த பலவற்றில் எழுத்துகள் வெறும் கீறல்களாகிவிட்டன. உரோமின் வெற்றி முழக்கம் கடல் தாண்டி வந்து வாசிக்க ஆளின்றிப் போயிற்று. சில்லறையின் பெறுமதி மட்டும் எஞ்சியது.

ஆனால் அந்த வழக்கம் அழியவில்லை. யுத்தம் முடிந்த 2009இல், சமாதானமும் சுபீட்சமும் பிறந்ததன் நினைவாக நமது மத்திய வங்கி ஓர் ஆயிரம் ரூபாய்த் தாளை வெளியிட்டது. முன்புறம் கைகளை உயர்த்திய ஜனாதிபதி. பின்புறம் கொடியேற்றும் படைவீரர்கள். இன்பக் காலம் மீண்டது என்றே இதுவும் சொல்கிறது. ஒரு வித்தியாசம், இதில் வீழ்ந்தவர்களின் உருவமே இல்லை.

உரோமன் கொடியவன்தான். எனினும் தான் யார்மேல் ஈட்டியைப் பாய்ச்சினான் என்பதை மறைக்கவில்லை. தேய்ந்த அந்தச் செப்பில் சக்கரவர்த்தியின் முகத்தைவிட, உயர்ந்த அந்தக் கையைத்தான் என் கண் முதலில் தேடுகிறது.