மூணு நூல் மரை

ஹார்ட்வேர் கடைக்குப் போய் "அரை இஞ்சு நிப்பிள் ஒன்று" என்று கேட்கிறோம். தவுக்கே எடுத்துக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தால் மரையின் வெளிவட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் இருக்கிறது. அரை இஞ்சு என்பது 12.7 மில்லிமீட்டர்தான். முக்கால் இஞ்சையும் தாண்டி நிற்கும் ஒன்றை அரை இஞ்சு என்று எப்படிச் சொல்கிறார்கள்? என் தங்கை காப்பிக் கடை வைக்கப் புறப்படும் வரை எனக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை.

புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழக வளாகம் இருப்பதால் காப்பிக் கடைகளுக்குக் குறைவில்லை. தங்கையும் மாப்பிள்ளையும் ஆறு வருடச் சேமிப்பைப் போட்டு ஒரு சிறிய கடையை வாடகைக்கு எடுத்தார்கள். புதிய எந்திரத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. இத்தாலியில் செய்த எஸ்பிரசோ எந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கினார்கள். அதோடு தண்ணீர் வடிகட்டி ஒன்றும் வந்தது. அது அமெரிக்காவில் செய்தது. சனிக்கிழமை திறப்பு. புதன்கிழமை குழாயைப் பொருத்தினால் வடிகட்டியின் தலையில் நிப்பிள் இரண்டு சுற்றுப் போய் நின்றுவிட்டது. குழாய் பொருத்த வந்தவர், "வெள்ளை டேப்பை இன்னும் நாலு சுற்று போட்டு ஸ்பானரால் இழுத்தால் உட்கார்ந்துவிடும்" என்றார்.

அப்பா அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனை ஆலையில் முப்பது ஆண்டு பிட்டராக வேலை பார்த்தவர். "தம்பி, ஸ்பானரைக் கீழே வைங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு வடிகட்டியோடு ஏற்கனவே வந்திருந்த பழைய நிப்பிளைக் கேட்டு வாங்கினார். அதையும் நம் கடையில் வாங்கிய புதிய நிப்பிளையும் பல்லோடு பல் பொருந்தும்படி பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். முதல் இரண்டு பல் ஒழுங்காக உட்கார்ந்தன. எட்டாவது பல்லுக்கு வரும்போது ஏறக்குறைய அரைப் பல் தள்ளிப் போயிருந்தது. "ரெண்டும் மூணு நூல்தான். ஆனா ரெண்டும் ஒரே மரை இல்லை" என்றார்.

தமிழ்நாட்டுத் தச்சர்களும் கொத்தனார்களும் ஓர் இஞ்சை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். அரை இஞ்சு நாலு நூல், எட்டில் மூன்று என்பது மூணு நூல். அப்பாவுக்கு அந்தக் கணக்கு தாத்தாவிடமிருந்து வந்தது. சீனர்களும் இதே எட்டுப் பங்கில்தான் குழாயை எண்ணுகிறார்கள். அவர்கள் நாலு பங்கு என்று சொன்னால் அது அரை இஞ்சுக் குழாய்.

அந்த அளவு மரையின் அளவல்ல. பழைய இரும்புக் குழாயின் உள்துளை அளவு அது. பின்னாளில் குழாயின் சுவர் மெலிந்தது, துளை பெரிதானது. மரை பொருந்த வேண்டும் என்பதற்காக வெளிவட்டத்தை மட்டும் மாற்றவில்லை. பெயரும் அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் மூணு நூல் மரையை அளந்தால் 16.7 மில்லிமீட்டர் வருகிறது.

பல் எப்படி வேறுபட்டது? இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841இல் திருகு மரைக்கு ஒரு பொது அளவை முன்வைத்தார். பல்லின் கோணம் 55 டிகிரி. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 டிகிரியை முன்வைத்தார். குழாய் மரையிலும் இரண்டு நாடுகளும் அவரவர் கோணத்தையே பிடித்துக்கொண்டன. மூணு நூல் குழாயில் பிரிட்டிஷ் மரைக்கு ஓர் இஞ்சுக்கு 19 பல், அமெரிக்க மரைக்கு 18 பல். ஒரே ஒரு பல் வித்தியாசம்தான் அன்று எங்களைத் தடுத்து நிறுத்தியது.

அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் ஆபத்து இன்னும் அதிகம். அங்கே இரண்டுக்கும் 14 பல். கையால் திருகினால் ஏறும், பொருந்தியது போலவே இருக்கும். ஆனால் கோணம் வேறு என்பதால் பல்லுக்கு நடுவே இடைவெளி இருக்கும். இன்று ஒழுகாதது ஒரு மாதம் கழித்து, கடை பூட்டியிருக்கும் இரவில் ஒழுகலாம்.

பிரிட்டிஷ்காரர் ஆண்ட நாடு என்பதால் நம் வீட்டுக் குழாய்களிலும் பிரிட்டிஷ் மரைதான். இத்தாலியரும் அதையே எடுத்துக்கொண்டு 'காஸ்' மரை என்று சொல்கிறார்கள். எந்திரத்தின் மேல் 'ஜி' என்று போட்டிருந்தால் அது நேர் மரை. நேர் மரை பல்லால் அடைக்காது. அடியில் இருக்கும் வாஷர்தான் தண்ணீரை நிறுத்தும். அங்கே டேப் சுற்றுவது வீண் வேலை மட்டுமல்ல, பிய்ந்த துணுக்கு உள்ளே போய் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையை அடைத்துவிடும். சரிந்து மெலியும் கூம்பு மரைக்குத்தான் டேப் வேண்டும். நுனியை நம் பக்கம் பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே பிரிந்துவிடும்.

பித்தளை மெதுவான உலோகம். ஸ்பானரின் பலத்துக்கு அது விட்டுக்கொடுக்கும், அப்புறம் பல் போய்விடும், இல்லை வெடிப்பு விடும். காப்பி இறங்கும்போது எந்திரத்துக்குள் 9 பார் அழுத்தம். நீராவிக் கொதிகலனில் ஒரு பார் அழுத்தத்திலேயே வெப்பம் 120 டிகிரி. ஆலையில் நீராவியோடு வாழ்ந்த அப்பாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "கையால மூணு சுத்து சுலபமா போகலேன்னா அது உன் மரை இல்லைம்மா, விட்டுடு" என்று தங்கையிடம் சொன்னார்.

மறுநாள் மாப்பிள்ளை கிள்ளானில் ஒரு குழாய்க் கடையில் ஒரு பக்கம் அமெரிக்க மரை, மறுபக்கம் பிரிட்டிஷ் மரை உள்ள இணைப்பு ஒன்றை வாங்கி வந்தார். பதினைந்து வெள்ளிக்குள் முடிந்தது. அதை அப்பாவே பொருத்தினார். அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து இரவு முழுவதும் தண்ணீரைத் திறந்து வைத்தார். காலையில் காகிதம் காய்ந்திருந்தது. கடை சனிக்கிழமையே திறந்தது.

நான் அலுவலக வேலைக்குப் போனதில் அப்பாவுக்குப் பெருமை. "பிட்டர் வேலை என்னோடு போகட்டும்" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். எண்ணெய்க் கறை ஏறிய அந்தக் கைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் ஒளித்தவர் அவர். ஆறு வருடச் சேமிப்பைக் காப்பாற்றியது அந்தக் கைகள்தான்.

பழைய எந்திரம் வாங்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த நாட்டில் செய்தது என்று முதலில் கேளுங்கள். வெளிவட்டத்தை அளந்து பல்லை எண்ணுங்கள். தெரிந்த மரையோடு சேர்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நம் தோட்டங்களிலும் ஆலைகளிலும் பிட்டராக இருந்த பெரியவர்கள் இன்னும் பல வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறார்கள். ஸ்பானரை எடுப்பதற்கு முன் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.