பாதி இலச்சினை

முத்திரை சேகரிப்போர் உலகிலே இறைவரி முத்திரைக்கு நெடுங்காலமாகக் கிடைத்து வந்தது திண்ணை ஓரத்து இடமேயாகும். தபால் முத்திரை கடல் கடந்து செல்வது. அரசரின் தலையையும் அரிய பறவைகளையும் தாங்கி வருவது. இறைவரி முத்திரையோ கடன் பத்திரத்தின் மூலையிலும் காணி உறுதியின் தலைப்பிலும் ஒட்டப்பட்டு, மையால் கெடுக்கப்பட்டு, யாரோ ஒருவருடைய பெட்டகத்துள் உறங்குவது. அதனை நாடிச் செல்வோர் சிலரே. அச்சிலருள்ளும் கொரிய நாட்டு இறைவரி முத்திரையை அது ஒட்டப்பட்ட ஆவணத்தோடு சேர்த்தே தேடுவோர் மிகச் சிலர். சியோல் நகரிலே வாழும், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அத்தகையோருள் ஒருவராவார்.

அவர் இத்துறைக்கு வந்த வழி பெருமைக்குரியதன்று. 1963ஆம் ஆண்டிலே, பன்னிரண்டு வயதுச் சிறுவனாயிருந்தபோது, வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் எண்ணெய்த்தாளிற் சுற்றிய ஒரு கட்டினைக் கண்டார். உள்ளே இருந்தவை பாட்டனாரின் பத்திரங்கள். அவர் தந்தையார் ஹுவாங்ஹே மாகாணத்தைச் சேர்ந்தவர். 1946 மார்ச்சில் வடபகுதியிற் காணிச் சீர்திருத்தம் நிகழ்ந்தபின், அவ்வாண்டிலேயே 38ஆம் அகலக்கோட்டினைக் கடந்து தெற்கே வந்தபோது உடன் கொணர்ந்தவற்றுள் அக்கட்டும் ஒன்று. சிறுவனுக்கோ அது முத்திரைப் புதையலாகவே தோன்றிற்று. ஒரு கிண்ணத்திலே வெந்நீர் எடுத்துத் தாள்களை ஊறவைத்தான், பசை இளகியது, நான்கு முத்திரைகள் சேதமின்றிக் கழன்றன. அவற்றைக் கண்ணாடியில் ஒட்டி உலர்த்தினான். நனைந்த தாள்கள் அடுப்படிக்குச் சென்றன. மாலையில் வீடு திரும்பிய தந்தையார் கண்ணாடியைச் சற்று நேரம் பார்த்து நின்றார். ஏசவில்லை. கைகழுவி உண்ணப் போய்விட்டார். அக்காணிகள் இனித் திரும்பி வரப்போவதில்லை என்பதை அவர் முன்னரே அறிந்திருந்தார் போலும்.

மகனுக்கு அதன் பொருள் விளங்கப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. கொரியாவிலும் யப்பானிலும் ஆவணத்தில் ஒட்டிய முத்திரையைக் கெடுப்பது பெரும்பாலும் அதனை எழுதிக் கொடுப்பவரின் இலச்சினையாகும். பற்றுச்சீட்டிலே முத்திரை ஒட்டி அதன் குறுக்கே கையொப்பமிடும் வழக்கம் நமக்குப் பழகியதே. அங்கே கையொப்பத்தின் இடத்தை, பெயர் செதுக்கிய சிறு இலச்சினையும் சிவந்த மைக்குழம்பும் பெறுகின்றன. இலச்சினை முத்திரையின் விளிம்பிலே பதிக்கப்படும். பாதி முத்திரையின் மீதும் பாதி தாளின் மீதுமாக விழும். முத்திரையை ஒருவர் உரித்து வேறோர் ஆவணத்தில் ஒட்டாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. ஆகவே உரித்தெடுத்த முத்திரை ஒவ்வொன்றும் பாதிப் பெயரையே சுமக்கும். அந்நான்கனுள் மூன்று, பாட்டனாருக்குக் காணி விற்றவர்களின் இலச்சினைகளைத் தாங்கியவை. நான்காவது பாட்டனார் தாமே எழுதிக் கொடுத்து, கடன் தீர்ந்தபின் மீட்டுக்கொண்ட பத்திரத்துக்கு உரியது. அதிலே அவருடைய பெயரின் ஒரு பாதி உண்டு. குடிப்பெயர் தாளோடு போயிற்று.

அன்று தொட்டு அவர் முழு ஆவணமன்றி எதனையும் வாங்குவதில்லை. இந்நெறியை அவர் நண்பர் சிலர் பிடிவாதம் என்பர். ஆயின் ஆவணத்தை வாசிக்கப் பழகியவர்க்கு அதில் நியாயம் தென்படாமற் போகாது. தனி முத்திரை விலையை மாத்திரமே கூறும். ஆவணமோ காலத்தையும் ஊரையும் கொடுத்தவரையும் பெற்றவரையும் கூறும்.

காலத்தைக் கூறுவதிலேதான் எத்தனை வேறுபாடு! 1897இல் கொரியப் பேரரசு பிரகடனம் செய்யப்பட்டபோது ஆண்டுகள் குவாங்மு என்னும் பெயராலும், 1907இன் பின் யுங்குயி என்னும் பெயராலும் எண்ணப்பட்டன. 1910இல் நாடு யப்பானுடன் இணைக்கப்பட்டதும் அதே ஊர், அதே குடியானவர், அதே வயல். ஆயின் தேதி மெய்ஜி 43 ஆகிவிடுகின்றது. யப்பானியப் பேரரசின் பெயர் பொறித்த முத்திரைகள் கொரிய உறுதிகளில் ஏறுகின்றன. தாய்ஷோ, ஷோவா என அவ்வாட்சியின் ஆண்டுகள் தொடர்ந்து, ஷோவா 20 ஆகிய 1945இல் முடிவுறுகின்றன. 1948இல் அமைந்த கொரியக் குடியரசோ தொன்ம மன்னர் தங்குன் காலந்தொட்டு எண்ணும் ஆண்டினைச் சட்டப்படி ஏற்றது. அதனால் அவ்வாண்டு 4281 ஆயிற்று. 1962 தொடக்கம் கிறிஸ்து ஆண்டு வந்தது. எண்பது வயது வரை வாழ்ந்த ஒருவர் தம் வாழ்நாளிலே இத்தனை நாட்காட்டிகளின் கீழும் கடன் பட்டிருக்கக்கூடும்.

பணத்தின் கதையும் இத்தகையதே. 1953 பெப்ரவரியில் 100 வொன் ஒரு ஹ்வான் ஆக்கப்பட்டது. 1962 யூனில் 10 ஹ்வான் மீண்டும் ஒரு வொன் ஆயிற்று. எனவே போர்க்கால முத்திரையில் அச்சிட்ட ஆயிரம் வொன்னும் பத்தாண்டின் பின் வந்த ஒரு வொன்னும் கணக்கில் ஒன்றே. பெயர் ஒன்றாயிருத்தலால் புதிதாகச் சேகரிப்போர் இவ்விடத்திலே இடறி விழுவர். தேதி இருக்கும் ஆவணமே அவர்களைத் தூக்கி நிறுத்தும்.

முத்திரை வருமுன் இருந்த பழைய உறுதிகளையும் அவர் ஒப்புநோக்குக்காகச் சில வைத்துள்ளார். சோசொன் அரசர் காலத்தில் உயர்குடியினர் தமக்கே உரிய கைக்குறியினை இடுவர். எழுத்தறியாதோரும் அடிமைகளும் தம் விரலைத் தாளின்மேல் வைத்து, கணுக்கள் வரும் இடங்களைக் கோடிட்டுக் காட்டுவர். ஆணாயின் இடக்கை, பெண்ணாயின் வலக்கை. அவ்வாறான ஒரு தாளின்மேல் இன்று விரலை வைத்துப் பார்க்கலாம். எழுதியவள் சிறுகையினள் என்பது உடனே தெரியவரும். இலச்சினைப் பதிவு முறை 1914இல் யப்பானிய ஆட்சியில் வந்தது. அதன்பின் விரலின் அளவு ஆவணத்தில் இடம்பெறும் தேவை அருகிற்று. ஒழுங்கு வந்தது என்னவோ உண்மைதான். எனினும் அவர் அந்தப் பழைய கோடுகளையே அடிக்கடி எடுத்துப் பார்க்கின்றார்.

இலச்சினைகளும் அமைதியாக இருந்துவிடவில்லை. 1940 பெப்ரவரி தொடக்கம் கொரியர் யப்பானிய முறைப் பெயர் பூணும்படி நெருக்கப்பட்டனர். அதன்பின் வந்த உறுதிகளில், முன்னைய உறுதியிற் கண்ட அதே கிராமத்து அதே காணி இலக்கத்தின் எதிரே அந்நியப் பெயரொன்று புது இலச்சினையோடு நிற்கும். 1946 ஒக்டோபரில் அமெரிக்க இராணுவ ஆட்சியினர் பழைய பெயர்களை மீட்கும் கட்டளையை விடுத்தனர். அக்காலத்தில் பழைய இலச்சினையைத் தேடி எடுத்தோரும் இருந்திருப்பர், எறிந்துவிட்டதை எண்ணி வருந்தியோரும் இருந்திருப்பர். ஒரே குடும்பத்தின் மூன்று பத்திரங்களை அடுத்தடுத்து வைத்தால் இவ்வரலாறு முழுவதும் ஒரு மேசையில் அடங்கிவிடும்; ஆயின் அவ்வாறு மூன்றும் ஒருங்கே கிடைப்பது மிக அரிது.

அரிதாதற்குக் காரணமுண்டு. கொரிய வீடுகளிலே சுவருக்குத் தாள் ஒட்டும்போது, மேல்தாளின் அடியிற் பழந்தாள்களை முதற்படையாக ஒட்டுதல் வழக்கம். பயனற்ற உறுதிகள் பல அவ்விதம் சுவரேறின. முசுக்கட்டை இனத்துத் தாக் மரப்பட்டையிற் செய்த தாள் எளிதிற் கிழியாதது. ஆகவே அது பல பணிகளுக்கு உகந்ததாயிருந்தது. போரின்போது எரிந்தவை எத்தனையோ. தெற்கிலும் 1949இல் நிறைவேறி 1950இல் நடைமுறைக்கு வந்த விளைநிலச் சட்டம் ஒரு வீட்டினர் வைத்திருக்கக்கூடிய நிலத்தை 3 சொங்போவுக்கு, ஏறத்தாழ 3 ஹெக்டயருக்கு, வரையறுத்தது. எஞ்சிய நிலத்துக்கு ஈடாக உடைமையாளருக்கு அரசு பத்திரங்களை வழங்கிற்று. போர்க்காலப் பணவீக்கம் அவற்றின் பெறுமதியைத் தின்றுவிட்டது. அத்தகைய பத்திரங்களை இன்று வணிகர் கட்டுக்கட்டாக விற்கின்றனர்.

பிற்காலத்து ஆவணங்கள் வேறொரு சங்கடத்தைத் தருகின்றன. 1968இல் குடிமக்களுக்குப் பதிவிலக்கம் வழங்கப்பட்டது. 1975 முதல் அது 13 இலக்கங்களைக் கொண்டது. பிறந்த நாளும் பாலும் அதிலே தெரியும். அவ்விலக்கத்துக்குரியவர் இன்றும் உயிரோடிருக்கலாம். அவர் பட்ட கடன் எதுவென்பது பிறர் அறியவேண்டியதன்று. இதனால் அவ்வகைத் தாள்களைக் காட்சிக்கு வைக்கும்போது அவர் இலக்கத்தையும் பெயரையும் தாள்துண்டால் மறைப்பார். மறைத்தபின் முத்திரையைத் தவிர என்ன எஞ்சுகிறது என்று ஒருமுறை அவருடைய மகள் வினவினாராம். அவர் மறுமொழி கூறவில்லை. தாம் வைத்திருப்பவை யாவும் ஒருகாலத்தில் யாரோ ஒருவரின் மானமாயிருந்தவை என்னும் எண்ணம் அவரை விட்டகலாதது. அவற்றைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, எறியவும் மனமில்லை.

2010களின் நடுப்பகுதியோடு ஒட்டும் முத்திரை மறைந்து, மின்னணு முறையில் அச்சிட்டுப் பெறும் தாள் அவ்விடத்துக்கு வந்துவிட்டது. புதிதாகச் சேர்க்க இனி எதுவுமில்லை. எனினும் அவர் ஹொஹியொன் நிலத்தடிக் கடைத்தொகுதிக்குப் போவதை நிறுத்தவில்லை. நாணயமும் முத்திரையும் பழைய இசைத்தட்டும் விற்கும் இடம் அது. கடைக்காரர் புதிய கட்டொன்றை வெளியே எடுத்து வைப்பார். தாள்கள் கிழியாதவாறு அவர் கயிற்றை மெல்ல அவிழ்ப்பார். முதலில் மாகாணத்தின் பெயரை வாசிப்பார். ஹுவாங்ஹே என்றிருந்தால் மாத்திரம் வேறொரு மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்துகொள்வார்.