இருபதாயிரம் பிராங்கும் ஒரு கையெழுத்தும்

“கே.எம்.பே.ஹா போட்டால், கடை விழுந்தாலும் எங்களிலை ஒருத்தரும் கை வைக்கேலாதாமே, அண்ணை?”

வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனமான கே.எம்.பே.ஹா (GmbH) பற்றி, சுவிஸில் தமிழர்களுக்குக் கணக்கு எழுதும் ஒருவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. அவர் உடனே மறுப்பதில்லை. நிறுவனத்தின் கடனுக்கு நிறுவனத்தின் சொத்து மட்டுமே பொறுப்பு என்று கடப்பாட்டுச் சட்டத்தின் 794ஆம் பிரிவே சொல்கிறது. பதிலுக்கு அவர் கேட்பது: “வங்கிக் கடனுக்கு ஆர் பிணை? கடை வாடகை ஒப்பந்தத்திலை ஆற்றை கையெழுத்து?” சொந்தப் பெயரில் போட்ட கையெழுத்துக்கு அந்தப் பிரிவு துணைக்கு வராது.

அடுத்த குழப்பம் முதல் பற்றியது. 2008க்கு முன் பங்காளிகள் இருவர் வேண்டியிருந்தது, முதல் தொகையில் பாதியைக் கட்டினால் போதுமாயிருந்தது. இன்று ஒருவரே தொடங்கலாம். ஆனால் குறைந்தபட்ச முதலான 20,000 பிராங்கும் முழுதாகக் கட்டப்பட வேண்டும். அது அரசுக்குக் கட்டும் கட்டணமும் அல்ல, வங்கியில் என்றென்றும் முடங்கிக் கிடப்பதும் அல்ல. வணிகப் பதிவேட்டில் பெயர் ஏறியதும் பணம் விடுபடும். அடுப்பு வாங்கலாம், சம்பளம் கொடுக்கலாம். சீட்டு எடுத்தோ மச்சானிடம் கைமாற்றாக வாங்கியோ கட்டிவிட்டு, மறுவாரமே அதை எடுத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் கூடாது. பங்காளி போட்ட முதலைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் இடம்தராது.

கணக்காளர் அதிக நேரம் செலவிடுவது ‘பேருக்கு நிர்வாகி’ விடயத்தில். நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடக்கூடிய ஒருவராவது சுவிஸில் வசிக்க வேண்டும். அதனால் நண்பருக்காகவோ உறவுக்காகவோ பெயரை மட்டும் கொடுப்பவர்கள் உண்டு. ஊழியர் சம்பளத்தில் கழித்த ஆ.ஹா.ஃபௌ (AHV, முதியோர் காப்புறுதி) பணம் கட்டப்படாமல் நிறுவனம் வங்குரோத்தானால், அந்தக் காப்புறுதிச் சட்டத்தின் 52ஆம் பிரிவு நிர்வாகியின் சொந்தச் சொத்தையே தேடி வரும். கடைப்பக்கமே போகவில்லை என்பது அங்கே எடுபடாது.

வேலையிழப்புக் காப்புறுதியும் இப்படித்தான். முதலாளி தன் நிறுவனத்தில் சம்பளம் எடுத்தால் அதற்கும் சந்தா கட்டுவார்; ஆனால் நிர்வாகப் பொறுப்பை விடாதவரை பொதுவாக அதில் பயன் கேட்க முடியாது. 2020இல் கொரோனாவுக்காக விதிவிலக்கு வந்தபோதும், முழுநேரமாக உழைத்தவருக்குக் கிடைத்தது மாதம் 3,320 பிராங் மட்டுமே.

வற் வரிக்கும் நிறுவன வடிவத்துக்கும் தொடர்பே இல்லை. ஆண்டு விற்பனை 1,00,000 பிராங்கைத் தொட்டால் தனியாள் கடைக்கும் அதே கடமைதான்.

2025 ஜனவரி முதல் பிடி இன்னும் இறுகியிருக்கிறது. பதிவேட்டில் உள்ள நிறுவனம் வரியையோ ஆ.ஹா.ஃபௌவையோ கட்டாவிட்டாலும் இப்போது வங்குரோத்து வரை போகலாம். தொழிலும் சொத்தும் இல்லாமல் கடனில் மூழ்கிய நிறுவனத்தின் பங்கை மலிவாக வாங்கினால், அந்தக் கைமாற்றமே செல்லாது.

ஆகவே நொத்தாரிசிடம் நாள் குறிக்குமுன் கணக்காளர் இரண்டு விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்: மாதச் சம்பளக் கணக்கை யார் பார்ப்பது, காப்புறுதி அலுவலகத்தின் கடிதங்களை யார் திறப்பது. இரண்டுக்கும் ஆள் இல்லையென்றால், இப்போதைக்குத் தனியாள் கடையாகவே தொடங்கச் சொல்லி அனுப்புகிறார்.