கேட்காத ஒரு கேள்வி



சில ஆண்டுகளுக்கு முன் கூமாப்பட்டியில் ஒரு சகோதரி கண்ணீரோடு என்னிடம் வந்தார். "பொறுமையாயிரம்மா, கர்த்தர் அவரை மாற்றுவார்" என்று ஜெபித்து அனுப்பினேன். மறுவாரம் அவர் ஆராதனைக்கு வரவில்லை. கையில் கட்டோடு தாய்வீட்டில் இருந்தார். கணவர் அடிக்கிறாரா என்று நான் கேட்கவே இல்லை.

அப்படிக் கேட்பதற்கும் பயிற்சி உண்டு. அமெரிக்காவில் குடும்ப ஆலோசகராக உரிமம் பெற, முதுகலைப் பட்டம், தேர்ந்தவரின் மேற்பார்வையில் பொதுவாக ஆயிரக்கணக்கான மணிநேரப் பணி, தேர்வு ஆகியவை வேண்டும். நம் நாட்டில் இப்பணிக்கென்று தனி உரிமம் இல்லை. மருத்துவ உளவியலாளர்களோ 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற வேண்டும். ஆனால் 'ஆலோசகர்' என்று யாரும் பலகை மாட்டலாம். பலகை இல்லாமலே நானும் அவ்விடத்தில் அமர்ந்திருந்தேன்.

நல்ல சமாரியன் காயங்களைக் கட்டியதோடு நிற்கவில்லை. காயப்பட்டவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஜெபம் அந்த வழிக்குத் தடையல்ல.

பிரியமானவர்களே, வீட்டில் அடி விழுமானால் மறைக்காதிருங்கள். 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். என்னிடமும் வாருங்கள். இம்முறை முதலில் கேட்பேன், பின்பு ஜெபிப்பேன், பயிற்சி பெற்றவரிடம் உங்களோடு நானும் வருவேன்.

கர்த்தர் உங்கள் இல்லங்களைக் காப்பாராக. ஆமென்.