இருபத்திரண்டு என்றால் எதில்?

எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையிலிருந்து எம்.கே.பி. நகருக்குள் திரும்பும் இடத்தில் நான் காலையில் டீ குடிக்கும் கடை இருக்கிறது. துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டுநர்களும் அங்கேதான் நிற்பார்கள். சில வருடங்களுக்கு முன்னால் ஒருநாள், நரைத்த மீசைக்காரர் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, நீதான அந்த வண்டி ட்ராக்கிங் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்குற?"

"ஆமாண்ணே."

"எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேல எம் மீட்டரு நாப்பது காட்டுது. ஒங்க ஸ்கிரீன்ல இருவத்திரெண்டுன்னு வருதாம். இன்னாடா வண்டிய உருட்டிக்கினு போறியான்னு ஓனரு கேக்குறாரு. நீயே சொல்லு, இருவத்திரெண்டுல போனா துறைமுக கேட்டுக்கு எப்போ போய்ச் சேர்றது?"

அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் எனக்கு விடை தெரிந்துவிட்டது. ஜிபிஎஸ் சிப்புகள் பேசும் என்.எம்.இ.ஏ. என்கிற மொழி கப்பல்காரர்கள் உருவாக்கியது. அதில் முக்கியமான வரி ஒன்றில் வேகம் நாட் கணக்கில் வரும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 22 நாட் என்றால் 40.7. அண்ணன் சொன்னது சரி. அவருடைய டிரெய்லரை நாங்கள் கப்பலாக்கி வைத்திருந்தோம்.

அதைவிட மோசமான ஒன்றும் புரிந்தது. அறுபதைத் தாண்டினால் மணி அடிக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். அது அடித்ததே இல்லை; எங்கள் ஓட்டுநர்கள் ஒழுங்கானவர்கள் என்று எல்லோருக்கும் பெருமை. அந்த மணி அடிக்க வேண்டுமென்றால் நாற்பதடி கன்டெய்னரோடு மணிக்கு 111 கிலோமீட்டரில் பறக்க வேண்டியிருந்திருக்கும்.

அவசரத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வேகத்தைத் தொடும் ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றிலும் 1.852 ஆல் பெருக்கிவிட்டேன். மொத்தம் பதினான்கு ஸ்கிரிப்ட். ஆறு மாதம் நிம்மதி. பிறகு வண்டிக்குள் இருக்கும் கருவியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது. இனி அதுவே கிலோமீட்டரில் அனுப்பும். மறுநாள் காலை நாற்பதில் போன வண்டிகள் எல்லாம் எழுபத்துநான்கில் போவதாகத் திரை சொன்னது. மணி ஓயவில்லை. பதினான்கு இடங்களிலும் போய்ப் பெருக்கலை எடுத்தேன் என்று நினைத்தேன். எடுத்தது பதின்மூன்றில். பதினான்காவது, மாதக் கடைசியில் மட்டும் ஓடும் அறிக்கை. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

பிழை எங்கே என்று யோசித்தபோது பெருக்கலில் இல்லை என்று பட்டது. 1.852 என்பது துல்லியமான எண். ஆனால் அது இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. ஸ்கிரிப்ட் எழுதுகிறவனுக்கு, வேகம் எந்த அலகில் வந்து சேர்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவனுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் அவன் சொன்னால் போதும். பூக்காரம்மாவிடம் "ரெண்டு முழம்" என்று கேட்கிறோம். அவர் சந்தையில் பூவை எடை போட்டுத்தான் வாங்கினார் என்பது நமக்கெதற்கு?

அந்தச் சமயத்தில்தான் 'ஓப்பன் வெஹிக்கிள் மானிட்டரிங் சிஸ்டம்' என்ற திறமூல மென்பொருளின் நிரலைப் படித்தேன். டெஸ்லா ரோட்ஸ்டர் வைத்திருந்தவர்களிடம் தொடங்கி, இன்று பல மின்வாகனங்களுக்குப் பரவியிருக்கும் கைவேலை அது. ஒரு சின்ன ஈ.எஸ்.பி.32 சிப், அதற்குள் டக்டேப் என்னும் குட்டி ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின். வண்டியின் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பெயர், பெயரோடு ஒட்டிப் பிறந்த ஓர் அலகு. மதிப்பைக் கேட்கும் ஃபங்ஷனில் பெயருக்குப் பக்கத்தில் அலகையும் எழுதலாம்: வேகம், மைலில் கொடு, டயர் அழுத்தம், பிஎஸ்ஐயில் கொடு. மாற்றுவது உள்ளே இருப்பவர் பாடு. இதைப் பார்த்துவிட்டு எங்கள் மென்பொருளிலும் செய்ய உட்கார்ந்தேன். ஒரு மதியத்தில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று வாரம் இழுத்தது.

முதல் முட்டுக்கட்டை பழைய ஸ்கிரிப்டுகள். எங்கள் ஃபங்ஷனில் இரண்டாவது இடம் காலியாக இல்லை. மதிப்பை எண்ணாகக் கொடுப்பதா எழுத்தாகக் கொடுப்பதா என்கிற ஆம்-இல்லை அங்கே ஏற்கெனவே குடியிருந்தது. அவரைக் காலி செய்யச் சொன்னால், யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன ஸ்கிரிப்டுகள் உடையும். எனவே இரண்டாவது இடத்தில் ஆம்-இல்லை வந்தால் பழைய அர்த்தம், சொல் வந்தால் அலகு என்று வைத்தேன். எதுவும் வரவில்லையா, சேமித்த அலகிலேயே கொடு. அழகான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் டயர் மாற்றுவதற்கு அழகு பார்க்க முடியாது.

அடுத்து வந்தது பெருக்கினால் போதும் என்ற நம்பிக்கையின் சாவு. துறைமுகத்துக்குப் போகும் குளிர்பதன கன்டெய்னர்களின் வெப்பநிலையை ஒரு வாடிக்கையாளர் ஃபாரன்ஹீட்டில் கேட்டார். (நமக்கும் ஃபாரன்ஹீட் அந்நியமில்லை. வெயில் செல்சியஸில் நாற்பது, காய்ச்சல் ஃபாரன்ஹீட்டில் நூற்றிரண்டு என்று ஒரே வாயால் சொல்கிறவர்கள்தானே நாம்.) 9/5 ஆல் பெருக்கி 32 கூட்டு. இறால் பெட்டியின் மைனஸ் 18, மைனஸ் 0.4 ஆனது. எல்லாம் சரி. ஆனால் வைத்த வெப்பநிலைக்கும் திரும்பி வரும் காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம் என்று இன்னொரு அளவு இருந்தது. 2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் ஃபாரன்ஹீட்டில் 3.6. என் ஃபங்ஷன் 35.6 என்றது. வித்தியாசத்துக்கு 32 கூட்டக் கூடாது. ஆக, வெப்பநிலையும் வெப்பநிலை வித்தியாசமும் வேறு வேறு சாதி. ஒரே டிகிரிச் சின்னத்தைப் போட்டுக்கொண்டு ஏமாற்றுகின்றன. அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனி வரிசை போட்டேன்.

இதிலெல்லாம் எனக்கு மிகப் பிடித்தது மைலேஜ் விவகாரம். மைல் நம் சாலையை விட்டுப் போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது, மைலேஜ் மட்டும் போகவில்லை. கிலோமீட்டரில் கணக்கிட்டுவிட்டு அதை மைலேஜ் என்கிறோம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது நம் கணக்கு. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது ஐரோப்பாவின் கணக்கு. இரண்டுக்கும் நடுவே பெருக்கல் கிடையாது, தலைகீழாக்கல்தான். அங்கே சராசரி எடுக்கும்போது கால் இடறும். ஒரு டிரெய்லர் சரக்கோடு 60 கிலோமீட்டர் போய் லிட்டருக்கு 3 கொடுத்தது, வெறும் வண்டியாக அதே 60 திரும்பி 6 கொடுத்தது என்றால் சராசரி நாலரை இல்லை. இருபது லிட்டரும் பத்து லிட்டரும் சேர்ந்து முப்பது. நூற்றிருபதை முப்பதால் வகுத்தால் நாலு. அந்த அரைக்கு ஓட்டுநர்மீது டீசல் திருட்டுச் சந்தேகம் விழும். லிட்டரில் சேர்த்து வைத்துவிட்டு, காட்டும்போது மட்டும் தலைகீழாக்கு என்பது நான் இதிலிருந்து பிடித்துக்கொண்ட வழக்கம். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடினால் தூரம் பூஜ்யம், நூறு கிலோமீட்டருக்கான லிட்டர் முடிவிலி. அப்போது எண்ணே கொடுக்காமல் 'இல்லை' என்று சொல்லப் பழக்கினேன்.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பியபோது எனக்கு உடனே இந்த நினைவுதான். இனி கிலோவாட் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதா, கிலோமீட்டருக்கு எத்தனை வாட் மணி என்பதா? ஏறுகிறவர்கள் என்னவோ "என்ன மைலேஜ் தருது?" என்றுதான் கேட்கிறார்கள். மின்வண்டியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: மேம்பாலத்தில் இறங்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பித் தரும், செலவு மைனஸில் போகும். மைனஸைத் தலைகீழாக்கினால் என்ன மைலேஜ்? டீசல் காலத்து ஃபங்ஷனிடம் அதற்குப் பதில் இல்லை.

'இல்லை' என்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம். கனரக வண்டிகள் பேசும் ஜே1939 என்ற நெறியில் எஞ்சின் தண்ணீரின் சூடு ஒரே பைட்டில் வரும்; வரும் எண்ணில் நாற்பதைக் கழித்தால் செல்சியஸ். அந்த அளவு கிடைக்கவில்லை என்றால் அந்த பைட் 255 என்று வரும். அது அளவு இல்லை, 'தெரியாது' என்பதற்கான சமிக்ஞை. இதைக் கவனிக்காமல் கழித்தால் 215 டிகிரி. அதை ஃபாரன்ஹீட்டுக்கும் மாற்றிக் கொடுத்தால் 419. மாற்றும் ஃபங்ஷன் முட்டாளாக இருந்தால் பொய்யையும் பத்திரமாக மொழிபெயர்த்துவிடும். எனவே அலகைத் தொடும் முன்னால் மதிப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வரி.

அலுவலகத்தில் ஒரு சண்டையும் நடந்தது. கூட வேலை செய்த இளைஞர், அமைப்பில் பயனர் எந்த அலகைத் தேர்ந்திருக்கிறாரோ அதிலேயே ஸ்கிரிப்டுக்கும் கொடுத்துவிடலாமே என்றார். கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் எண்பதைத் தாண்டினால் மணி அடி என்று எழுதிய ஸ்கிரிப்ட், யாரோ திரையில் மைலைத் தேர்ந்தெடுத்த மறுநிமிடம் 128 கிலோமீட்டர் வரை வாயை மூடிக்கொண்டிருக்கும். மறுபடியும் என் டிரெய்லர் கப்பல்தான். பார்க்கிற கண்ணுக்கு அவரவர் விருப்பம். முடிவெடுக்கிற ஸ்கிரிப்டுக்கு எழுதியவன் கேட்ட அலகு. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு நாள் அவர் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

அவரிடம் சொன்ன கதை ஒன்று. 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் போயிங் 767. அந்நிறுவனத்தில் கிலோகிராம் கணக்குக்கு மாறிய முதல் ரக விமானம். எரிபொருள் அளவுமானி வேலை செய்யவில்லை, குச்சி விட்டு அளந்தார்கள்: 7,682 லிட்டர். அதை எடையாக்க 1.77 ஆல் பெருக்கினார்கள். 1.77 சரியான எண்தான், ஆனால் பவுண்டுக்கு. கிலோவுக்கு 0.8 என்று இருந்திருக்க வேண்டும். இருபதாயிரம் லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் ஐயாயிரத்துக்கும் குறைவாக ஊற்றிக்கொண்டு கிளம்பிய விமானம், நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்று, கிம்லி என்ற ஊரின் கைவிடப்பட்ட ஓடுதளத்தில் சறுக்கி இறங்கியது. உயிர்ச்சேதமில்லை. அந்த 1.77, எரிபொருள் ஊற்றுகிறவர்களின் தாளில் அலகுப் பெயர் இல்லாமல் தனியாக நின்ற எண். என் 1.852 மாதிரியே.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அதே டீக்கடை, அதே அண்ணன். வேகம் இப்போது ஒத்துப்போகிறது என்றார். பிறகு இழுத்தார்.

"பிரேக் ஏர் மட்டும் இன்னாவோ அறுநூத்தி எம்பத்தெட்டுன்னு காட்டுது தம்பி. அது இன்னா கணக்கு?"

"கிலோ பாஸ்கல்ண்ணே."

"எனக்கு கிலோல காட்டு. ஏழு கிலோ ஏறுனாதான் நான் வண்டிய எடுப்பேன்."

அவர் சொன்ன கிலோ, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் எடை. நம் ஊர் கம்ப்ரெஸர்களின் முள் காட்டும் அலகு, ஓட்டுநர்கள் வாயில் புழங்கும் அலகு. என் அட்டவணையில் பார் இருந்தது, பிஎஸ்ஐ இருந்தது, கிலோ இல்லை. அன்று மாலையே ஒரு வரிசை சேர்த்தேன்: 98.0665 ஆல் வகு. திரையில் 7.016 என்று வந்தது. அந்த மூன்று தசம இலக்கத்தை ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: வண்டி இந்த அழுத்தத்தை எட்டு எட்டு கிலோ பாஸ்கலாகத்தான் எண்ணுகிறது, 688க்கு அடுத்தது 696. இடையில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. அண்ணனின் கிலோவில் அந்த எட்டு 0.08. மூன்றாவது இலக்கம் நானாகப் புனைந்தது. ஒரு இலக்கத்தோடு நிறுத்தி, 7.0 என்று காட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.